தற்காலக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம்

அருங்காட்சியகம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன முதுமக்கள் தாழியும், கை முறிந்த கற்சிலையும், துருவேறிய உடைவாளுமே ஆகும். தொன்மையானதே காக்கத்தக்கது என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது. நேற்று எழுதிய ஓவியத்திற்கும், இன்று நம்மிடையே உலவும் சிற்பியின் படைப்பிற்கும் ஓர் அருங்காட்சியகம் எதற்கு என்று வினவுவோர் உளர். அவ்வினாவிற்கு விடை காண்பதும், அத்தகைய அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கி வைக்கும் பொறுப்பை ஏற்பவர் எதனை முதலில் செய்தல் வேண்டும், எதனைப் பின்னர்ச் செய்யலாம் என்பதை நடந்த நிகழ்ச்சிகள் வாயிலாக விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய பழமை, அன்றைய புதுமை

விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசம் கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்தது. அதன் கட்டுமானத்திற்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணை நின்றார் என்பது மரபுவழிச் செய்தி. அதன் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விசய ரகுநாத சேதுபதி காலத்தில், ஓவியங்கள் எழுதப்பெற்றன. அவற்றுள் இதிகாசக் காட்சிகளும் உண்டு. தஞ்சை மராட்டியரோடு நிகழ்ந்த போரும், சேதுபதியைக் காண வந்த ஐரோப்பியரும் உண்டு. பின்னவை பழங்கதைகள் அல்ல. அவை வரைந்தவன் காலத்தில் நிகழ்ந்தவை. அவன் கண்டோ, கண்டார் சொல்லக் கேட்டோ எழுதியவை. தொப்பியணிந்த வெள்ளையரை அரசவைச் சுவரில் எழுதிய அன்று அது முற்றிலும் தற்காலக் கலையே. இன்று தொல்லியல் துறையின் காப்பில் இருப்பதனால் அதனைப் பழமை என்கிறோம்.

அச்சுவர்களைக் காண்பார்க்கு மன்னன் பெயர் தெரிகிறது. மன்னனை வரைந்தவன் பெயர் தெரியவில்லை. அவன் எவ்வூரான், எவரிடம் பயின்றான், எவ்வளவு ஊதியம் பெற்றான், எந்தக் கல்லை அரைத்து அச்செந்நிறத்தைக் கண்டான் என்பனவற்றைக் கேட்டு எழுதி வைக்க அன்று ஒருவரும் இலர். அவன் உயிரோடிருந்த நாளில் ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கக் கூடிய இப்பணி, இன்று எத்துணை ஆய்வாளர் முயன்றாலும் முடியாததாகிவிட்டது. தற்காலக் கலைக்கு அருங்காட்சியகம் வேண்டுவது இதன் பொருட்டே. படைத்தவர் இருக்கும்போதே படைப்பையும் அவர் சொல்லையும் ஒருங்கே பெற்று வைக்கும் வாய்ப்புக் குறுகிய காலமே திறந்திருக்கும் வாயில்.

காத்தல் என்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. கீழக்கரைக்கு அண்மையிலுள்ள உத்தரகோசமங்கையில் மரகதக் கல்லால் ஆன நடராசர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கிறது. மார்கழித் திருவாதிரையை ஒட்டி அக்காப்புக் களையப்பட்டு, மரகத மேனி மக்கள் காட்சிக்கு வருவது வழக்கம். மரகதம் மென்மையுடையது, மத்தள ஒலியின் அதிர்வையும் தாங்காது என்று இவ்வூரார் காரணம் கூறுவர். சமய நோக்கினை ஒருபுறம் வைத்துக் காப்பியல் நோக்கில் கண்டால், இவ்வழக்கத்தில் ஓர் உண்மை பொதிந்துள்ளது: காட்டும்தோறும் பொருள் தேய்கிறது, காட்டாவிடின் அது மக்களுக்கு உரியதாவதில்லை. அருங்காட்சியகம் ஒன்றை நடத்துவோர் நாள்தோறும் தீர்க்க வேண்டிய வழக்கு இதுவே. ஆண்டிற்குச் சில நாள் என்று இவ்வூர் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறது. தாளில் வரைந்த ஓவியங்களை ஒரு பருவம் காட்டிப் பல பருவம் இருளில் ஓய்வெடுக்க விடும் உலக அருங்காட்சியகங்களின் முறையும் இதற்குத் தொலைவானதன்று.

சோழமண்டலத்தார் செய்தது

தமிழகத்தில் தற்காலக் கலை அருங்காட்சியகம் பற்றிப் பேசப் புகுவோர் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கடந்து செல்ல இயலாது. ஆகலின் அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்ற சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவரிடம் பயின்று, 1957இல் அவருக்குப் பின் அப்பள்ளியின் தலைமையை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். பள்ளித் தலைவராக இருந்தபோது அவர் உள்ளத்தை வருத்திய சிக்கல் ஒன்று உண்டு. நன்றாகத் தேர்ந்து வெளியேறும் மாணவர்கள் ஓரிரு ஆண்டுகளில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குச் சென்று விடுகின்றனர். ஓவியம் சோறு போடவில்லை. ஓவியத்தை விற்பதற்காக வாங்குவோர் விருப்பப்படி வரைவதோ கலைக்கு இழுக்கு.

பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் கண்ட வழி எளியது, ஆயினும் எவரும் எண்ணாதது. துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் வேலை, உலோக வேலை முதலிய கைவினைகளைக் கூட்டாகச் செய்து விற்பது. அவ்வருவாயில் வயிறு கழுவிக்கொண்டு, ஓவியத்தை எவர்க்கும் பணியாது வரைவது. கைவினை ஈட்டியதைக் கொண்டு கடற்கரையோரம் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். 1966இல் கிராமம் உருவாயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயரையும் தமிழ்த்துறையினராகிய நாம் கருத வேண்டும். சோழமண்டலம் என்னும் நம் சொல்லையே ஐரோப்பியர் கோரமண்டல் என்று திரித்து நிலப்படங்களில் எழுதினர். புதுமை நாடிய ஓவியர்கள் திரிந்ததை விடுத்து மூலத்தைத் தேர்ந்தனர்.

அரசு மானியத்தை எதிர்பாராது, செல்வர் ஒருவரின் நிழலில் ஒதுங்காது எழுந்தது அக்கிராமம். ஜே. சுல்தான் அலி, பி.எஸ். நந்தன், பி. கோபிநாத், எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, கே. ஜெயபால பணிக்கர் முதலியோர் அங்கு இயங்கினர். கோட்டின் வலிமையும், நாட்டார் கலை, கோயிற்கலை ஆகியவற்றின் உருவங்களும், எழுத்தும் குறியும் கலந்த ஒரு புதிய போக்கு இவர்களாலும் இவர்தம் ஆசிரியராலும் சென்னையிலிருந்த பிறராலும் உருவாயிற்று. இதனைச் சென்னைக் கலை இயக்கம் என்பர்.

இயக்கம் இருந்தது, கிராமம் இருந்தது, படைப்புகள் இருந்தன. அருங்காட்சியகம் மட்டும் நெடுங்காலம் இல்லை. பணிக்கர் 1977இல் மறைந்தார். அவர் கேரள அரசுக்கு அளித்த ஓவியங்களுக்கென்று திருவனந்தபுரத்தில் 1979இல் தனிக் காட்சிக்கூடம் திறக்கப்பெற்றது. கோவையில் பிறந்து, சென்னையில் பயின்று, சென்னையில் கற்பித்து, ஈஞ்சம்பாக்கத்தில் ஊர் அமைத்த ஒருவரை முழுமையாகக் காண விரும்பிய தமிழ் மாணவன் திருவனந்தபுரத்திற்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. கேரளத்தைக் குறை கூறுவதற்கு இதில் ஏதுமில்லை. கொடுத்தார் கொடுத்தார், பேணுவார் பேணினார். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தற்காலக் கலைக்கென்று ஒரு பகுதி உண்டெனினும், ஓர் இயக்கத்தின் வரலாற்றைத் தொடக்கம் முதல் சொல்லும் இடமாக அது அமையவில்லை என்பதே என் கருத்து.

பணிக்கரின் மகனும், செம்பு, பித்தளைத் தகடுகளைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தவருமான எஸ். நந்தகோபால் இக்குறையை நீக்கத் தலைப்பட்டார். அவர் முன்னின்று உழைத்ததன் பயனாக 2009இல் சோழமண்டலம் தற்காலக் கலை மையம் திறக்கப்பெற்றது. அதனுள் சென்னைக் கலை இயக்கத்திற்கான அருங்காட்சியகமும், வெளியார் வாடகைக்குப் பெற்றுக் கண்காட்சி நடத்தத்தக்க கூடங்களும், திறந்தவெளியில் சிற்பப் பூங்காவும் அமைந்தன. நிலையான தொகுப்பு ஒருபுறம். வருவாய் தரும் கூடங்கள் மறுபுறம். 1966இல் பாத்திக் துணி செய்த வேலையை இப்போது கூடங்கள் செய்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது. நந்தகோபால் 2017இல் மறைந்தார். அவர் தொடங்காது விட்டிருப்பின் பின்வந்தோர் தொடங்கியிருப்பர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கிராமம் தோன்றியதற்கும் அருங்காட்சியகம் திறந்ததற்கும் இடையே 43 ஆண்டுகள். அந்நெடும் இடைவெளியில் சுல்தான் அலி போன்ற மூத்தோர் பலர் மறைந்துவிட்டனர். விற்கப்பட்ட படைப்புகள் தனியார் இல்லங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

சட்டமும் இதில் துணை செய்யவில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் ஒன்பது கலைஞர்தம் படைப்புகளே நாட்டை விட்டு வெளியேற்றக் கூடாத கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. இரவிவர்மா, தாகூர் குடும்பத்தார் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக் ஆகிய அவ்வொன்பதின்மருள் சென்னைக் கலை இயக்கத்தார் ஒருவரும் இலர். எனவே இவ்வியக்கத்தின் படைப்பு ஒன்று ஏலத்தில் போய்க் கடல் கடந்தால் தடுப்பாரில்லை. ஒன்றைத் தாயகத்தில் நிறுத்தும் ஒரே வேலி, அதனைப் பெற்று வைத்திருக்கும் அருங்காட்சியகமே.

எது முந்தியது: கட்டடமா, தொகுப்பா?

அருங்காட்சியகம் தொடங்க வேண்டும் என்றவுடன் நம்மவர் முதலிற் செய்வது கட்டட நிதி திரட்டுவது. அடிக்கல் நாட்டு விழா நடக்கும், கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படும், சுவர் எழும்பும், அதனுள் எதை வைப்பது என்னும் எண்ணம் கடைசியில் வரும். இது தலைகீழ் முறை என்பதற்கு உலகில் சான்றுகள் பல.

தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூடம் 1954 மார்ச் 29ஆம் நாள் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணனால் திறந்து வைக்கப்பெற்றது. அதற்கெனப் புதுக் கட்டடம் எழுப்பப்படவில்லை. ஜெய்ப்பூர் மன்னருக்கென 1936இல் கட்டப்பட்ட மாளிகையே கலைக்கூடமாயிற்று. தொடங்கி வைக்கும் பொறுப்பேற்ற காப்பாட்சியர் ஹெர்மன் கோட்ஸ் என்னும் செருமானியக் கலை வரலாற்று அறிஞர்; அதற்குமுன் பரோடா அருங்காட்சியகத்தைச் சீர்செய்து புகழ் பெற்றவர். வாழும் சிற்பிகளை அழைத்து ஒரு சிற்பக் கண்காட்சியுடன் கலைக்கூடம் தன் பணியைத் தொடங்கியது. அதில் முதற்பரிசு பெற்றது ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிற்பம். அதன் பெருவடிவம் மெரினாவில் நிறுவப்பட்டது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1959இல்.

நம் பகுதி மக்கள் பலர் பிழைப்பு நாடிச் சென்றுள்ள கத்தார் நாட்டிலும் இவ்வாறே நடந்தது. 2010 திசம்பரில் தோஹாவில் திறக்கப்பெற்ற 'மத்ஹஃப்' என்னும் அரபு நவீனக் கலை அருங்காட்சியகம் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றைத் திருத்தி அமைத்ததே. பணத்திற்குக் குறைவில்லாத நாடு. நினைத்திருந்தால் பளிங்கு மாளிகை எழுப்பியிருக்கலாம். ஆயினும் அவர்கள் கையில் முதலில் இருந்தது ஷேக் ஹசன் பின் முஹம்மது அல் தானி பல்லாண்டுகளாகச் சேர்த்த அரபு ஓவியத் தொகுப்பு. அத்தொகுப்புக்கு ஒரு கூரை தேவைப்பட்டது, பள்ளிக்கூடம் கிடைத்தது.

இராமேசுவரத்திலிருந்து கடல் கடந்தால் எட்டிவிடும் இலங்கையின் கதை இன்னும் எளிமையானது. ஆகவே நமக்கு இன்னும் பயன்படுவது. 2019 திசம்பரில் கொழும்பில் நவீன, தற்காலக் கலை அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. அதனை முன்னின்று தொடங்கிய தலைமைக் காப்பாட்சியர் ஷர்மினி பெரேரா. சொந்தக் கட்டடம் இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கிடைத்த இடத்தில் திறந்தனர். இலங்கைக் கலையின் பல பத்தாண்டுகளைத் தொகுத்துக் காட்டிய அதன் முதற் கண்காட்சி, ஏற்கெனவே 2018இல் டாக்காவில் நடந்த கலை மாநாட்டில் அவர் அமைத்ததன் வளர்ச்சி. திறந்த சில திங்களில் கொரோனா நோய்த்தொற்று வந்து கதவடைக்க நேர்ந்தது. பின்னர் 2022இல் ஒரு வணிக வளாகத்தினுள் இடம் பெயர்ந்து மீண்டும் இயங்கத் தொடங்கினர். துணிக்கடைக்கும் உணவகத்திற்கும் நடுவே அருங்காட்சியகமா என்று முகம் சுளிப்பார் சுளிக்கட்டும். மக்கள் எங்கு வருகின்றனரோ அங்கு கலை சென்றது என்றே இதனை நான் கொள்கிறேன். கவனிக்கத்தக்க மற்றொன்று, அங்கே விளக்கங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வைக்கப்படுகின்றன. நெடும்போர் கண்ட நாட்டில் இம்மூன்று மொழியும் ஒரே சுவரில் ஒரே அளவினவாய் இடம்பெறுவது சிறு செய்தியன்று.

பெங்களூரின் கலை, ஒளிப்பட அருங்காட்சியகமோ 2020 திசம்பரில் கணினித் திரை வழியே தொடங்கி, 2023 பிப்ரவரியிலேயே தன் கட்டடத்தைத் திறந்தது. அபிஷேக் போத்தார் தம் தொகுப்பை அளித்தமையால் அதற்கு வித்து முன்னரே இருந்தது.

பதிவேடும் பத்திரமும்

தொடக்கப் பொறுப்பாளரின் முதற்கருவி கரணையன்று, பதிவேடு. ஒரு படைப்பு வாயிலினுள் நுழைந்த அன்றே அதற்கோர் எண் இடப்படுதல் வேண்டும். ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த எண்ணாக அமைப்பது பெருவழக்கு. படைத்தவர் பெயர், படைத்த ஆண்டு, நீள அகலம், பயன்பட்ட பொருள், யாரிடமிருந்து எம்முறையில் வந்தது, வரும்போதே இருந்த பழுது ஆகியன அவ்வெண்ணுக்கு நேரே எழுதப்படும். பழுதைக் குறிப்பது பலருக்கும் நாணமாக இருக்கும். அதனை எழுதாமல் விட்டால், பின்னாளில் கீறல் யாரால் வந்தது என்னும் வழக்கில் படைப்பாளியின் நட்பே முறிந்து போகும்.

அன்பளிப்பாக வரும் படைப்புக்கு எழுத்து வடிவில் கொடைப் பத்திரம் வேண்டும். இங்கே நம் சமுதாயப் பெரியோர்க்கு விளக்கம் தேவைப்படாத ஓர் ஒப்புமை உண்டு. வக்ஃபு செய்யப்பட்ட சொத்தின் மூலம் கரையாமல் நிற்க, அதன் பயன் மட்டும் குறித்த அறத்திற்குச் செல்லும்; அதனை மீண்டும் விற்கவோ, வாரிசுகள் பங்கிடவோ இயலாது. அருங்காட்சியகத் தொகுப்பும் ஏறக்குறைய இத்தன்மையதே. அறங்காவலர் மாறலாம், காப்பாட்சியர் மாறலாம், தொகுப்பு மாறலாகாது. மின்கட்டணம் செலுத்தத் தொகுப்பிலிருந்து ஓர் ஓவியத்தை விற்கும் நிலை வருமாயின், அன்றே கொடையாளர் நம்பிக்கை முடிந்தது. ஆகவே நடப்புச் செலவுக்கென்று தனியே ஒரு வைப்புநிதி, தொகுப்பைத் தொடங்கும்போதே தொடங்கப்பட வேண்டும். செத்தும் கொடுத்த சீதக்காதி என்று பாராட்டும் மண்ணில் கொடுப்பார்க்குப் பஞ்சமில்லை. திறப்பு விழாவுக்குக் கொடுப்போரைவிடப் பத்தாம் ஆண்டின் மின்கட்டணத்துக்குக் கொடுப்போரைத் தேடுவதே கடினம்.

உரிமை பற்றிய தெளிவும் வேண்டும். ஓவியம் கைக்கு வந்தால் பதிப்புரிமையும் வந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவ்வுரிமை பொதுவாக ஓவியரிடமே நின்று, அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் அவர்தம் வழியினரைச் சேரும். எழுத்து மூலமாகப் பெற்றாலன்றி அருங்காட்சியகம் அவ்வோவியத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்க முடியாது. இதற்கும் மேலாக, படைப்பைச் சிதைக்காதிருக்கக் கோரும் அறநெறி உரிமையும் படைப்பாளிக்கு உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனில் அமைத்த பெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு அகற்றிக் கிடங்கில் போட்டது. சிற்பி வழக்குத் தொடுத்தார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடமே திருப்பித் தருமாறும், 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் ஆணையிட்டது. அரசே வாங்கிய சிற்பமாயினும் அதனைப் பாழாக்க அரசுக்கு உரிமையில்லை என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது.

உப்புக் காற்று

நம் கடற்கரையில் அருங்காட்சியகம் காண்போர்க்குத் தில்லியாரும் பெங்களூராரும் அறியாத பகை ஒன்று உண்டு. காற்றில் கலந்து வரும் உப்பு. வெண்கலத்திலும் செம்பிலும் உப்பின் குளோரைடு படிந்து ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைத் தூளாக நோய் கிளம்பும். துடைத்தால் போகாது, உள்ளிருந்து மீண்டும் எழும். தாள் ஈரத்தை உறிஞ்சிப் பழுப்புப் புள்ளிகள் காணும். துணித்திரை மழைக்காலத்தில் தளர்ந்து கோடையில் இறுகி, மேலிருக்கும் வண்ணத்தை வெடிக்கச் செய்யும். கறையானையும் வெள்ளிப் பூச்சியையும் சொல்லவே வேண்டா.

இவற்றுக்கெல்லாம் குளிர்சாதனமே மருந்து என்பது பொதுவான நினைப்பு. மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊரில் பகலில் குளிர்ந்து இரவில் புழுங்கும் அறை, குளிர்சாதனமே இல்லாத அறையினும் கேடு விளைக்கும். ஈரப்பதம் ஏறி இறங்குவதே படைப்பைக் கொல்கிறது. ஓரளவு நிலையாக இருந்தால் சற்று மிகுதியையும் பொருள் தாங்கிக்கொள்ளும். ஆகையால் தடித்த சுவர், உயர்ந்த கூரை, வெளிச்சுவரில் ஓவியம் மாட்டாமை, ஓவியத்திற்கும் சுவருக்குமிடையே காற்று உலவ இடம் விடுதல் ஆகிய பழைய முறைகள் இங்குப் பெரிதும் உதவும். ஒளிக்கும் அளவுண்டு. தாள், நீர்வண்ணம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் போதும். எண்ணெய் வண்ணத்திற்கு 200 வரை ஆகலாம். நம் ஊர் வெயிலில் திறந்த சன்னல் ஓரம் இதனைப் போலப் பன்மடங்கு ஒளி விழும் என்பதை நினைத்துக்கொள்க.

காண வருவோர்

எல்லாம் அமைந்த பின்னும் மக்கள் வாராவிடின் அது கிடங்கேயாகும். தற்கால ஓவியம் என்றால் விளங்காதது என்னும் அச்சம் நம்மவர்க்கு உண்டு. உருவம் எழுதுதல் பற்றிய தயக்கமும் நம் சமுதாயப் பெரியோர் சிலர்க்கு உண்டு. அதனை எள்ளி நகையாடுவது முறையன்று. அவர்களை அருங்காட்சியகத்திற்கு அழைத்து வரத்தக்க வாயில் எழுத்தோவியமே என்பது என் துணிபு.

பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் தொடரில் திரை முழுவதும் எழுத்துப் போன்ற கோடுகள் நிறைந்திருக்கும். மலையாள எழுத்தின் சாயல் தெரியும், படிக்க முயன்றால் பொருள் வாராது. கணக்கும் சாதகக் கட்டமும் கலந்து நிற்கும். எழுத்து தன் பொருளை இழந்தும் தன் அழகை இழப்பதில்லை என்பதை அவை காட்டுகின்றன. மும்பையில் 1920இல் பிறந்து, சென்னையில் பயின்று, சோழமண்டலத்தில் வாழ்ந்து 1990இல் மறைந்த சுல்தான் அலியும் பழங்குடிக் கலையின் காளைகளையும் தெய்வ உருவங்களையும் எழுதி, அவற்றினிடையே புரியாத எழுத்துகளைப் பொறித்தார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் மரபு தழைத்த கீழக்கரையில், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் வாழ்ந்த ஊரில், இவ்வோவியங்களுக்கு விளக்கவுரை அதிகம் வேண்டியிராது. ஒரு மொழி மற்றொரு மொழியின் எழுத்தை உடுத்தி நிற்பதை நம் பாட்டிமார் நாள்தோறும் ஓதிப் பழகியவர்கள். அரபுத் தமிழ்க் கையெழுத்துப் படியையும் இத்தகைய ஓவியத்தையும் ஒரே அறையில் எதிரெதிரே வைத்து ஒரு கண்காட்சி தொடங்கினால், முன்னதைப் பார்க்க வந்த முதியவர் பின்னதையும் நின்று பார்ப்பார்.

விளக்கப் பலகைகளைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் யாரையோ கொண்டு தமிழாக்கிய பலகைகளை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். படித்தவர்க்கும் புரியாத தமிழ் அது. விளக்கம் தமிழிலேயே சிந்தித்து, அறுபது எழுபது சொற்களுக்குள், ஓவியத்தின் முன் நிற்பவரின் கண்ணை அடுத்து எங்கே செலுத்துவது என்று காட்டுவதாக எழுதப்பட வேண்டும். இது தமிழ்த்துறையின் பணி; ஓவியப் பள்ளியின் பணியன்று.

அவ்வாறே நம் துறைக்குரிய மற்றொரு பணியும் உண்டு. திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம் சென்னைக் கலை இயக்கத்தின் தலைசிறந்த கோட்டோவியர், 2008இல் மறைந்தார். அவருடைய காந்தியடிகள் ஓவிய வரிசையைக் கண்டிராத மாணவரும் அவர் கோட்டை அறிவர், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்தவர் அவரே. சிற்றிதழ்களின் தலைப்பெழுத்துகளும், நவீனத் தமிழ் நூல்கள் பலவற்றின் மேலட்டைகளும் அவர் கைப்பட்டவை. ஆக, தற்காலக் கலையின் ஒரு தொகுப்பு நம் கல்லூரி நூலகங்களில் ஏற்கெனவே வந்து அமர்ந்திருக்கிறது. நூல்கள் கிழிந்தவுடன் பைண்டிங்குக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே மேலட்டையைக் கழித்தெறிந்துவிட்டுக் காலிகோ துணி ஒட்டித் தருகின்றனர். அவ்வட்டைகளை எறியாது தனியே எடுத்துத் தருமாறு சொல்லி, ஒவ்வொன்றின் பின்னும் ஓவியர் பெயரும், நூற்பெயரும், ஆண்டும் மென்பென்சிலால் குறித்து, அமிலமற்ற தாளுறையில் இட்டுப் பதிவேட்டில் முதல் எண்ணைத் தொடங்குவதற்கு ஒரு மேசையும் பூட்டுள்ள ஓர் அலமாரியும் போதும்.